எண்ணாமலே மூடிய பெட்டி: கெய்ன் கோல்ட்டரும் ‘மாணவ வீரர்’ என்ற பொய்யும்

“படிப்பு இலவசம். தங்குமிடம் இலவசம். சாப்பாடு இலவசம். ஐம்பதாயிரம் பேர் எழும்பி நிண்டு கை தட்டுகினம். இன்னும் என்னதான் வேணுமாம் இவங்களுக்கு?”

அமெரிக்கப் பல்கலைக்கழக புட்போல் வீரர்கள் உரிமை கேட்கத் தொடங்கினால் அடுத்த நிமிசமே இந்தக் கேள்வி வந்துவிடும். அந்த நாட்டுப் பயிற்றுநர்களும் தொலைக்காட்சி வர்ணனையாளர்களும் பல தசாப்தங்களாகக் கேட்டு வந்தது. இப்ப நெட்ஃபிளிக்ஸில ஒரு விளையாட்டு ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு எங்கட பெடியளும் இதையே திருப்பிக் கேட்கிறாங்கள். கேள்வி நியாயமானது போலத் தெரியும். இலவசமாய்ப் படிக்கிறவன் முறைப்பாடு செய்தால் நன்றி கெட்டவன் எண்டு நினைக்கிறது லேசு.

நான் வேறொரு கேள்வி கேட்கிறன். இவ்வளவையும் அள்ளிக் குடுக்கிறதாகச் சொல்லுற ஒரு பல்கலைக்கழகம், தன்னுடைய வீரர்கள் இரகசியமாகப் போட்ட வாக்குச்சீட்டுகளை எண்ண விடாமல் ஏன் ஒன்றேகால் வருடத்துக்கு மேலாக வழக்காடியது? அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்ன பயம் இருந்தது?

பெட்டியின் கதை கெய்ன் கோல்ட்டர் என்ற குவார்ட்டர்பாக்கின் கதை. அமெரிக்கன் புட்போலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வசனத்தில சொல்லுறதெண்டால், ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வந்து சேருவது குவார்ட்டர்பாக்கின் கைக்கு. எறியிறதா, இன்னொருத்தரிட்டக் குடுக்கிறதா, தானே கொண்டு ஓடுறதா எண்டு இரண்டு மூன்று விநாடிக்குள்ள முடிவெடுக்க வேண்டியவர் அவர். அணியின் முகமும் அவர்தான். போஸ்டரில போடுறதும் அவருடைய படத்தைத்தான்.

கோல்ட்டர் 1992இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக விளையாடியவர். கெய்ன் முதலில் போவதற்கு உடன்பட்டிருந்தது ஸ்டான்ஃபோர்டுக்கு. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் பந்து எறியும் தோளில் காயம் வந்தது. அதோடு ஸ்டான்ஃபோர்டின் ஆர்வம் குறைந்துபோனது. பதினேழு வயதில் ஒரு பெடியன் படித்த முதல் பாடம் அது: உன்னுடைய படிப்புக்கான கதவு உன்னுடைய தோளில தொங்குது.

அடுத்ததாகக் கதவு திறந்தது சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிற நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். தனியார் பல்கலைக்கழகம், படிப்பில பெரிய பெயர், புட்போலில பெரும்பாலும் தோற்கிற பெயர். கோல்ட்டர் அங்கே குவார்ட்டர்பாக்காக விளையாடினார், பந்தைப் பிடிக்கிற இடத்திலும் விளையாடினார், கொண்டு ஓடினார். 2011 நவம்பரில், நெப்ராஸ்காவின் சொந்த மைதானத்தில், முதலாம் குவார்ட்டர்பாக் டான் பேர்சா காயப்பட்டு வெளியேற, உள்ளே வந்தவர் கோல்ட்டர். 28–25 எண்டு நோர்த்வெஸ்டர்ன் வென்றது. 2012 பருவத்தில் அவர் ஓடியே 894 யார்ட் எடுத்தார். டிரெவர் சீமியன் எண்ட இன்னொரு குவார்ட்டர்பாக்கோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு விளையாடினபடியே இவ்வளவும். அந்தப் பருவம் பத்து வெற்றிகளோடு முடிந்தது. 2013 ஜனவரி 1இல் கேட்டர் போல் ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டை 34–20 என வென்றார்கள். நோர்த்வெஸ்டர்ன் அதற்கு முன் இப்படியொரு பருவ இறுதிக் கிண்ண ஆட்டத்தை வென்றது 1949இல். அறுபத்துநாலு வருசக் காத்திருப்பை முடித்து வைத்த அணியின் தலைவர்களில் ஒருவர் இவர்.

விளையாட்டுப் பக்கங்கள் சொல்லுற கதை இவ்வளவுதான். கோல்ட்டரின் மற்றக் கதையை ஒரு விசாரணையின் பதிவுகளில்தான் வாசிக்கலாம்.

அவர் மருத்துவம் படிக்கிற எண்ணத்தோடு நோர்த்வெஸ்டர்னுக்கு வந்தவர். அதற்குக் கட்டாயமான இரசாயனவியல் பாடம் ஒன்றை இரண்டாம் வருடத்தில் எடுக்கப் பார்த்தார். வகுப்பு நேரம் காலைப் பயிற்சியோடு இடித்தது. அதை எடுக்க வேண்டாம் எண்டு சொல்லப்பட்டது. பிறகு கோடை விடுமுறைத் தவணையில் அதைப் படித்தார். ஆனால் அதற்குள் கூடப் படித்தவர்கள் முன்னுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மருத்துவக் கனவை விட்டுவிட்டு உளவியலுக்கு மாறினார். இதை அவர் 2014 பெப்ரவரியில், தேசியத் தொழில் உறவுகள் சபையின் விசாரணையில் சத்தியம் செய்து சொன்னார்.

இப்ப சொல்லுங்கோ. கம்பஸில படிக்கிற எங்களுக்கு இரண்டு விரிவுரை ஒரே நேரத்தில விழுந்தால் என்ன செய்யிறது எண்டு தெரியும். அலுவலகத்துக்குப் போவம், விரிவுரையாளரோட கதைப்பம், ஏதோ ஒரு பாடத்தை அடுத்த வருசத்துக்குத் தள்ளுவம். அங்க இடித்தது ஒரு பாடமும் இன்னொரு பாடமும் இல்லை. பாடமும் பயிற்சியும் இடித்தது. விலகிக் குடுத்தது பாடம். “முதலில் மாணவன், பிறகுதான் வீரன்” எண்டு சபைக்கு முன்னால் வாதாடிய பல்கலைக்கழகத்தில நடந்த விசயம் இது.

அந்த விசாரணையை நடத்திய சபையின் பிராந்தியப் பணிப்பாளர் பீட்டர் சுங் ஓர், 2014 மார்ச் 26இல் தீர்ப்பு எழுதினார். அதில வருகிற விபரங்களைப் பாருங்கள். ஓகஸ்ட் மாதப் பயிற்சி முகாமில் வாரம் 50 முதல் 60 மணித்தியாலம் புட்போலுக்கு. பருவம் தொடங்கி வகுப்புகளும் நடக்கும்போது வாரம் 40 முதல் 50 மணித்தியாலம். வகுப்பறையில் இருந்தது வாரம் சுமார் 20 மணித்தியாலம். கல்லூரி விளையாட்டுகளை ஆளுகிற என்சிஏஏ அமைப்பின் விதிப்படி பருவகாலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் விளையாட்டுக்கு எடுக்கக்கூடாது. ஆனால் பயணம் கணக்கில வராது, மருத்துவச் சிகிச்சை கணக்கில வராது, ‘விரும்பினால் வரலாம்’ எண்டு சொல்லுற பயிற்சி கணக்கில வராது. விரும்பாமல் இருந்து பார்க்கிற வீரன் அடுத்த சனிக்கிழமை வாங்கில இருப்பான்.

நேரம் மட்டும் இல்லை. மேல் வகுப்பு வீரர்கள் வெளியில வாடகைக்கு வீடு எடுத்தால் ஒப்பந்தத்தைத் தலைமைப் பயிற்றுநரிடம் காட்டி அனுமதி வாங்க வேணும். வெளியில ஒரு வேலை செய்ய அனுமதி வேணும். சமூக வலைத்தளத்தில என்ன போடுகினம் எண்டு கண்காணிப்பு இருந்தது. தன்னுடைய பெயரையோ படத்தையோ வைத்து ஒரு சதம் உழைக்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகமும் லீக்கும் அவற்றைப் பயன்படுத்த வீரர் கையெழுத்துப் போட்டுக் குடுக்க வேணும். அதே கம்பஸில வயலின் புலமைப்பரிசிலில படிக்கிற பிள்ளை வார இறுதியில ஒரு கலியாண வீட்டில வாசித்துக் காசு வாங்கலாம். இவருக்கு மட்டும் ஏலாது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள்ள வந்த உழைப்பு எவ்வளவு பெறுமதி? 2003 முதல் 2012 வரையான காலத்தில் நோர்த்வெஸ்டர்ன் புட்போல் அணியின் வருமானம் 235 மில்லியன் டொலர். செலவு 159 மில்லியன். ஒரு வீரரின் புலமைப்பரிசில் கல்வியாண்டுக்குச் சுமார் 61,000 டொலர் பெறுமதி. அந்தப் பரிசில் படிப்பில கெட்டித்தனத்துக்காகவோ குடும்பத்தின் வறுமைக்காகவோ குடுத்தது இல்லை, புட்போல் விளையாடுவதற்காகக் குடுத்தது எண்டு ஓர் தெளிவாக எழுதினார். ஒருவர் இன்னொருவரின் கட்டுப்பாட்டில், சம்பளத்துக்குப் பதிலாக ஏதோவொன்றைப் பெற்றுக்கொண்டு, அவருக்காக உழைத்தால் அவருக்கு என்ன பெயர்? தொழிலாளி. தீர்ப்பும் அதைத்தான் சொன்னது.

அப்ப இவ்வளவு காலமும் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தது ஏன்? வேறொரு சொல் முந்திக்கொண்டது. ‘ஸ்டூடன்ட் அத்லீட்’, அதாவது மாணவ வீரர். கேட்க எவ்வளவு அழகாக இருக்கு. பண்டைக் கிரேக்கத்தில இருந்து வந்தது போல ஒரு தோரணை. ஆனால் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது 1950களில். என்சிஏஏ அமைப்பை 1951 முதல் 1987 வரை நடத்திய வோல்டர் பையர்ஸ் என்பவரின் காலத்தில், காயப்பட்ட வீரர்கள் ‘வேலை செய்யும்போது காயப்பட்டவர்’ எண்ட அடிப்படையில் நட்டஈடு கேட்கக்கூடாது என்பதற்காகப் பரப்பப்பட்ட சொல். எதிராளிகள் கட்டிவிட்ட கதை இல்லை இது. ஓய்வுபெற்ற பிறகு 1995இல் வெளிவந்த தன்னுடைய புத்தகத்தில் பையர்ஸே சொன்னது.

அந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது எண்டு பார்த்தால் திரும்பவும் கோல்ட்டரின் சொந்த மாநிலமான கொலராடோவுக்கே போக வேண்டியிருக்கு. 1953இல் டென்வர் பல்கலைக்கழக வீரர் ஏர்னஸ்ட் நெமெத் பயிற்சியில் முதுகில் காயப்பட்டதற்கு நட்டஈடு பெறலாம் எண்டு அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் சொன்னது. விளையாட்டுத் தலைவர்களுக்கு வியர்த்தது. 1955இல் அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியில் ரே டெனிசன் எண்ட வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி மரண நட்டஈடு கேட்டார். 1957இல் நீதிமன்றம் மறுத்தது. கல்லூரி புட்போல் வியாபாரம் செய்யவில்லை, ஆகவே அவர் ஊழியர் இல்லை எண்டது நியாயம். கணவனை இழந்த ஒரு பெண் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். ‘மாணவ வீரர்’ எண்ட சொல் யாருடைய வாசலை மறித்துக்கொண்டு நிண்டது எண்டு இதில விளங்கும். இதைவிட ஒரு முரண்: என்சிஏஏ எண்ட அமைப்பே உருவானது, 1905 பருவத்தில் களத்தில் வீரர்கள் இறந்துபோக, விளையாட்டைப் பாதுகாப்பாக்க வேணும் எண்டு எழுந்த சத்தத்தில்தான்.

கோல்ட்டர் இந்த வரலாற்றுக்குள்ளதான் கால் வைத்தார். 2013 செப்டெம்பரில் மேய்ன் அணியோடான ஆட்டத்துக்கு மணிக்கட்டுப் பட்டியில் ‘ஏபியு’ எண்ட மூன்று எழுத்தை எழுதிக்கொண்டு இறங்கினார். ‘எல்லா வீரர்களும் ஒன்று’ எண்டு அதற்கு அர்த்தம். ஜோர்ஜியா, ஜோர்ஜியா டெக் வீரர்கள் சிலரும் அன்றைக்கு அதையே எழுதியிருந்தார்கள். அந்தப் பருவம் அணிக்கு மோசமாகப் போனது. முதல் நாலு ஆட்டத்தையும் வென்றவர்கள் கடைசியில் 5–7 எண்டு முடித்தார்கள். பருவம் முடிந்து 2014 ஜனவரி 28இல், முன்னாள் யூசிஎல்ஏ வீரர் ரமோகி ஹூமாவோடு சேர்ந்து, உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் ஆதரவோடு, கல்லூரி வீரர்களுக்கான தொழிற்சங்கம் ஒன்றை அங்கீகரிக்கக் கோரி விண்ணப்பம் போடப்பட்டது.

என்ன கேட்டார்கள்? “மில்லியன் கணக்கில சம்பளம் கேட்டிருப்பாங்கள்” எண்டு நினைப்பீர்கள். முதல் கோரிக்கைகள் இவை: விளையாட்டில வந்த காயத்துக்கான மருத்துவச் செலவு படிப்பு முடிந்த பிறகும் வீரரின் தலையில விழக்கூடாது. தலையில் அடிபடுவதைக் குறைக்க வழி செய்ய வேணும். காயப்பட்டால் புலமைப்பரிசில் பறிபோகக்கூடாது. பட்டத்தை முடிக்க உதவி வேணும். ஒரு தண்டனை குடுக்க முதல் முறையான விசாரணை வேணும். உலகத்தில எந்தத் தொழிற்சாலையிலும் மிகச் சாதாரணமான கோரிக்கைகள். கோல்ட்டர் தன்னுடைய பல்கலைக்கழகத்தைத் திட்டவும் இல்லை. நோர்த்வெஸ்டர்ன் வீரர்களில் பட்டம் முடிக்கிறவர்கள் 97 வீதம், நாட்டிலேயே உச்சம். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஆகத் திறமான இடத்திலேயே மருத்துவம் படிக்க வந்தவரால் இரசாயனவியல் படிக்க முடியவில்லை எண்டால், மற்ற இடங்களை யோசித்துப் பாருங்கள். யோசிக்கவும் தேவையில்லை. நோர்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருடமாக, வகுப்பே நடக்காத பாடங்களில் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் புள்ளி வாங்கியது 2014இல் ஒரு விசாரணை அறிக்கையில் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். “படிப்பு இலவசம்” எண்டு சொல்லுறவர்கள் எந்தப் படிப்பு எண்டும் சொல்ல வேணும்.

ஓரின் தீர்ப்புக்குப் பிறகு வாக்கெடுப்பு 2014 ஏப்ரல் 25 எண்டு குறிக்கப்பட்டது. அதற்கு முதல் வாரங்களில நடந்தது தொழிற்சங்கப் போராட்டங்களைப் படித்த எவருக்கும் பழக்கமான காட்சி. தலைமைப் பயிற்றுநர் பாட் ஃபிட்ஸ்ஜெரால்ட், தானே ஒரு காலத்தில் அந்த அணியின் நட்சத்திரம், வேண்டாம் எண்டு வாக்களியுங்கள் எண்டு வீரர்களைக் கேட்டுக்கொண்டார். எங்களுக்கிடையில் இடையாள் எதற்கு, எங்களை நம்புங்கோ எண்டது அதன் சாரம். அடுத்த குவார்ட்டர்பாக் சீமியன், தான் எதிராக வாக்களிப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். நான் சீமியனைக் குறை சொல்ல மாட்டன். யார் விளையாடுறது, யார் வாங்கில இருக்கிறது எண்டு முடிவெடுக்கிற மனிசன் ஒரு பக்கத்தைச் சொல்லிவிட்டார். இருபது வயதில அந்த மனிசனுக்கு முன்னால நிண்டு மற்றப் பக்கத்தைச் சொல்லுறது எல்லாருக்கும் ஏலாது. பயிற்றுநர் மேல் உண்மையான அன்பும் இருந்திருக்கலாம். வாக்கெடுப்பு இரகசியமாக நடக்கிறதுக்குக் காரணமே இதுதானே.

வாக்குப் போடத் தகுதி இருந்தவர்கள் 76 பேர். அவர்களில் கோல்ட்டர் இல்லை. விளையாடும் தவணை முடிந்தவர்களுக்கு வாக்கு இல்லை எண்டது விதி. இவ்வளவையும் தொடக்கியவர் வெளியில நிண்டு பார்த்தார். பல்கலைக்கழகம் மேன்முறையீடு செய்திருந்ததால் வாக்குச்சீட்டுகள் எண்ணப்படாமல் முத்திரையிடப்பட்டன. மாதங்கள் போயின. 2015 ஓகஸ்ட் 17இல் சபை ஏகமனதாக ஒரு முடிவு சொன்னது. இவர்கள் தொழிலாளிகளா இல்லையா எண்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டோம். இந்த விசயத்தில அதிகாரம் செலுத்தவே மாட்டோம். இந்த மட்டத்தில் விளையாடுகிற சுமார் 125 பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள், அவை சபையின் வரம்புக்குள் வராது, ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தீர்ப்புச் சொன்னால் லீக்கின் உறுதிப்பாடு குழம்பும் எண்டு காரணம் சொன்னார்கள். பெட்டி திறக்கப்படவே இல்லை. அந்த வீரர்கள் ஓம் எண்டார்களா, இல்லை எண்டார்களா எண்டு இன்றைக்கும் எவருக்கும் தெரியாது.

உறுதிப்பாடு. யாருடைய உறுதிப்பாடு? மைதானமும் ஒளிபரப்பும் பயிற்றுநரின் மில்லியன் கணக்கான சம்பளமும் அசையாமல் இருந்தன. வீரர்கள் தோற்றிருந்தால்கூட அது அவர்களுடைய தோல்வியாக இருந்திருக்கும். தோற்கவும் விடவில்லை.

கோல்ட்டரின் விளையாட்டு வாழ்க்கையும் அதற்குப் பிறகு நீளவில்லை. 2014 தொழில்முறைத் தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் பந்தைப் பிடிப்பவராகச் சேர்ந்து, பயிற்சிக் குழுவோடு நிண்டார். குவார்ட்டர்பாக்காக அவருடைய கடைசி இடம் நோர்த்வெஸ்டர்ன்தான். “பிறகு தொழில்முறையில கோடிக்கணக்கில உழைக்கத்தானே போறாங்கள்” எண்டு சொல்லுறவர்கள் இதைக் கவனிக்க வேணும். பத்து வெற்றிப் பருவத்தின் குவார்ட்டர்பாக்குக்கே இதுதான் நிலைமை. பெரும்பாலான கல்லூரி வீரர்களுக்குக் கல்லூரி ஆட்டம்தான் முதலும் கடைசியுமான உழைப்பு. அந்த உழைப்பில வந்த முழங்கால் வலி மட்டும் நாற்பது வயதிலும் கூட வரும்.

இனி இன்றைய வாதத்துக்கு வருவம். “அதெல்லாம் பழைய கதை. இப்ப அவங்கள் பணக்காரர். பிரச்சினை முடிஞ்சுது.” பாதி உண்மை. 2021 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9–0 எண்டு என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூன் 6இல் இன்னொரு வழக்கின் சமரசம் அங்கீகரிக்கப்பட்டது. பழைய வீரர்களுக்குச் சுமார் 2.8 பில்லியன் டொலர். இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை நேரடியாக வீரர்களுக்குக் குடுக்கலாம். நல்ல குவார்ட்டர்பாக்குகள் இப்ப உண்மையிலேயே மில்லியன் கணக்கில உழைக்கிறார்கள்.

சந்தோசம். ஆனால் அந்த 20.5 மில்லியன் எப்படி வந்தது? பெரிய லீக்குகளின் பல்கலைக்கழகங்களுடைய சராசரி விளையாட்டு வருமானத்தில் 22 வீதம் எண்டு கணக்குப் போட்டு வைத்த உச்சவரம்பு அது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் வீரர்களுக்குப் போவது வருமானத்தில் சுமார் 48 வீதம். வித்தியாசம் ஏன்? அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருக்கு. உச்சவரம்பு எவ்வளவு, காயத்துக்கு என்ன, பயிற்சி எத்தனை நாள், எல்லாத்தையும் மேசையில இருந்து பேசி ஒப்பந்தம் போடுகினம். கல்லூரி வீரர்களுக்கு மேசை இல்லை. சட்டத்தரணிகளும் நீதிபதியும் பேசி முடித்த தொகை அவர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. அதோடு பழைய வீரர்களுக்கான அந்த 2.8 பில்லியன் 2016க்குப் பிறகு விளையாடியவர்களுக்கு மட்டும்தான். கோல்ட்டர் கடைசியாக விளையாடியது 2013இல். கதவைத் தட்டியவருக்கு அதில ஒரு சதமும் இல்லை.

காசு மட்டும் வந்தால் காணாது எண்டதுக்கு நோர்த்வெஸ்டர்னே இன்னொரு சாட்சி. 2023 ஜூலையில் அதே அணியில் நடந்த பகிடிவதை பற்றி முன்னாள் வீரர் ஒருவர் குடுத்த முறைப்பாடு வெளியில வந்தது. ஓம், பகிடிவதை, அந்தச் சொல்லை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகம் நியமித்த விசாரணை, முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஆதாரம் இருக்கு எண்டது. பயிற்றுநர்களுக்கு அது தெரிந்திருந்தது எண்டதுக்குப் போதிய ஆதாரம் இல்லை எண்டும் சொன்னது. ஃபிட்ஸ்ஜெரால்ட் நீக்கப்பட்டார். அதற்கு எதிராக அவர் போட்ட வழக்கு 2025இல் சமரசமாக முடிந்தது. அவருக்குத் தெரியாது எண்டே வைப்பம். அப்ப கேள்வி இன்னும் பெரிதாகுது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக்கூடப் பயிற்றுநருக்குக் காட்ட வேண்டிய ஒரு அமைப்பில, உடை மாற்றும் அறையில நடந்தது மட்டும் ஏன் மேல போய்ச் சேரவில்லை? ஒரு பெடியன் பயமில்லாமல் போய்ச் சொல்லக்கூடிய, பயிற்றுநரின் கைக்கு எட்டாத ஒரு இடம் அங்க இருக்கவில்லை. “எங்களை நம்புங்கோ” எண்டு 2014இல் சொன்னதுக்கு 2023 குடுத்த பதில் இது. ஒரு சங்கம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். சொல்லுறதுக்கு ஒரு வாசல் இருந்திருக்கும் எண்டு சொல்லுவன்.

கோல்ட்டர் போட்ட பாதையில பிறகு வந்தவர்களும் இருக்கினம். டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணி 2024 மார்ச் 5இல் 13–2 எண்டு சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. இந்த முறை வாக்கை எண்ணினார்கள். ஆனால் கல்லூரி பேச மறுத்தது. வோஷிங்டனில் ஆட்சி மாறப்போகிறது, புதிய சபை எதிராகத் தீர்ப்புச் சொல்லி எல்லாருக்குமான கதவையும் அடைத்துவிடும் எண்ட கணக்கில, அந்த வருடம் டிசெம்பர் 31இல் விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டது. ஒரு பெட்டி திறக்கவில்லை; திறந்த பெட்டிக்கு மதிப்பில்லை.

ஆகவே “இன்னும் என்ன வேணும்?” எண்டு கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் இதுதான். சங்கம் வேணும். ‘மாணவ வீரர்’ எண்ட சொல்லைச் சட்டத்தில இருந்தும் செய்தித்தாளில இருந்தும் எடுத்துப்போட வேணும். படிக்கிறவர் தொழிலாளியாகவும் இருக்கலாம். பகலில விரிவுரைக்குப் போய் இரவில கடையில நிக்கிற எத்தனையோ பேர் எங்களுக்குள்ளேயே இருக்கினம், அவர்களை எவரும் ‘மாணவக் காசாளர்’ எண்டு புதுப்பெயர் வைத்துச் சம்பளத்தை மறுக்கிறதில்லை. புட்போல் வீரருக்கு மட்டும் அந்தத் தனிப்பெயர் வைத்தது, ரே டெனிசனின் மனைவிக்குக் காசு குடுக்காமல் விடுறதுக்காக. எழுபது வருசமாக அது அந்த வேலையைத்தான் செய்து வருகுது.

நாங்களும் இனி அந்தச் சொல்லைப் பாவிக்கக்கூடாது. விளையாட்டுச் செய்தி பகிரேக்க, ஆவணப்படம் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதேக்க, “அதிர்ஷ்டசாலி, இலவசமாய்ப் படிச்சவன்” எண்டு எழுத முதல் கொஞ்சம் நில்லுங்கோ. அவர் இலவசமாய்ப் படிக்கவில்லை. வாரம் ஐம்பது மணித்தியாலம் உழைத்துப் படித்தார். அதுவும் தான் படிக்க வந்ததைப் படிக்கவில்லை.